உயிரணுவுக்குள் வைரஸ் கட்டும் அறைகள்: டெங்கு மற்றும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறித்து நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரசு மருத்துவமனைக் காய்ச்சல் பிரிவுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "ரத்தத்தில் டெங்கு இருக்கிறது என்று சொல்கிறீர்கள். ஆனால் அதைக் கொல்லும் மருந்து எதையும் கொடுக்கவில்லையே! உப்புக் கரைசலும் பாரசிட்டமால் மாத்திரையும் மட்டும் போதுமா?"

நோயுற்ற குழந்தையின் அருகே இரவு முழுவதும் விழித்திருக்கும் பெற்றோர் இவ்வாறு கேட்பது இயல்பு. இதற்கான விடை, வைரஸ் நம் உடலில் எங்கே, எப்படிப் பெருகுகிறது என்பதில் உள்ளது. அதனைப் புரிந்துகொண்டால், மருத்துவர் ஏன் ஆன்டிபயாடிக் எழுதுவதில்லை, காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் வீட்டிற்கு அனுப்புவதில்லை, தடுப்பூசியை ஏன் நோய் வருவதற்கு முன்பே போட வலியுறுத்துகிறார் ஆகிய மூன்றும் தெளிவாகும்.

வைரஸ் என்பது யாது?

பாக்டீரியா ஒரு முழுமையான உயிரணு. அது தானே உணவை எடுத்துக்கொண்டு, தானே புரதம் தயாரித்து, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். வைரஸுக்கு இத்தகைய திறன் எதுவும் இல்லை. அது மரபுச் செய்தியை உள்ளடக்கிய ஒரு சிறு பொதி மட்டுமே. டெங்கு வைரஸும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் குறுக்களவும் ஏறத்தாழ 50 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்களை வரிசையாக அடுக்கிவிடலாம்.

இவ்வைரஸ்களின் மரபுச் செய்தி, ஏறத்தாழ 11,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை ஆகும். அதில் 10 புரதங்களுக்கான குறிப்புகள் மட்டுமே உள்ளன. அவற்றுள் 3 புரதங்கள் வைரஸின் உடலை அமைப்பவை. மற்ற 7 புரதங்கள் வைரஸின் உடலில் இடம்பெறுவதில்லை. நம் உயிரணுவுக்குள் நுழைந்தபின் வைரஸ் பெருகுவதற்கான பணிகளைச் செய்பவை அவையே.

உயிரணுவுக்குள் நிகழ்வது என்ன?

கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் வைரஸ் நம் உடலில் நுழைகிறது. உயிரணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் வைரஸை, உயிரணு தனக்கு வேண்டிய பொருள் எனக் கருதி ஒரு சிறு பையில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்பையில் அமிலத்தன்மை கூடும்போது வைரஸின் உறை பையின் சுவருடன் இணைந்து, ஆர்.என்.ஏ. இழை வெளியே விடப்படுகிறது.

நம் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் எண்டோபிளாச வலை என்னும் மடிப்பு மடிப்பான சவ்வு அமைப்பு உள்ளது. நம் உடலுக்குத் தேவையான பல புரதங்கள் அதன்மீதுள்ள ரைபோசோம்களில் தயாராகின்றன. வைரஸின் ஆர்.என்.ஏ. அங்குச் சென்று சேர்ந்ததும், ரைபோசோம்கள் வேறுபாடு அறியாமல் வைரஸின் புரதங்களையும் தயாரிக்கத் தொடங்குகின்றன.

இவ்வாறு உருவான வைரஸ் புரதங்களுள் சில, எண்டோபிளாச வலையின் சவ்வில் பதிந்து அதனை உட்புறமாக வளைக்கின்றன. சவ்வு குழிந்து குழிந்து, சின்னஞ்சிறு கோள வடிவ அறைகளாக மாறுகிறது. இவற்றைப் பெருக்க அறைகள் எனலாம். டெங்கு வைரஸ் தொற்றிய உயிரணுக்களை ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகர ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியால் பல கோணங்களில் படம்பிடித்து, இவ்வறைகளின் முப்பரிமாண வடிவத்தை 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 90 நானோமீட்டர் அகலம் கொண்டது. அதன் ஒரே வாயில் சுமார் 10 நானோமீட்டர் அளவே உள்ளது.

நாற்றங்காலைப் போன்ற ஏற்பாடு

காவிரிப் பாசனப் பகுதி மக்களுக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. நடவு முறையில் பயிரிடும் உழவர், விதைநெல்லை வயல் முழுவதும் இறைப்பதில்லை. ஒரு பகுதியை வரப்பால் வளைத்து நாற்றங்கால் அமைக்கிறார். மடை வழியாக அளவாக நீர் பாய்ச்சி, வடித்து, நாற்றைக் காக்கிறார். நாற்று தயாரானதும் பறித்து, அடுத்த வயலில் நடுகிறார்.

வைரஸும் இதனையே செய்கிறது. அறைக்குள் ஆர்.என்.ஏ. இழை படியெடுக்கப்படுகிறது. மூலப்பொருள்கள் சிறுவாயில் வழியாக உள்ளே செல்கின்றன, புதிய ஆர்.என்.ஏ. இழைகள் அதே வாயில் வழியாக வெளியே வருகின்றன. வாயிலுக்கு எதிரே, மிக அருகில் உள்ள சவ்வில், வெளிவந்த இழைக்கு உறை போர்த்தப்பட்டுப் புதிய வைரஸ் உருவாகிறது. பின்னர் அது கோல்கை உடலம் வழியாகச் சென்று, முதிர்ச்சியடைந்து, உயிரணுவை விட்டு வெளியேறுகிறது.

வேறுபாடு ஒன்று உண்டு. உழவர் தம் நிலத்தில் தம் மண்ணால் வரப்பு கட்டுகிறார். வைரஸோ நம் உயிரணுவின் சவ்வையே எடுத்து அறை கட்டுகிறது. சவ்வுக்குத் தேவையான கொழுப்பைத் தயாரிக்கும் நம் உயிரணுவின் நொதியையும் டெங்கு வைரஸ் தன் அறைகளின் அருகே இழுத்து வைத்துக்கொள்கிறது. உணவில் எண்ணெயைக் குறைத்தால் டெங்கு குறையும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இது உயிரணுவுக்குள் நடக்கும் உற்பத்தியைப் பற்றியது.

அறையால் வைரஸுக்கு என்ன பயன்?

முதலாவது பயன், வேலை விரைவாக நடப்பது. படியெடுக்கும் நொதிகள், மூலப்பொருள்கள், ஆர்.என்.ஏ. ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் வைரஸ் வேகமாகப் பெருகுகிறது.

இரண்டாவது பயன், மறைந்திருப்பது. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. நலமான உயிரணுவில் காணப்படுவதில்லை. ஆகவே, அதனைக் கண்டவுடன் எச்சரிக்கை எழுப்பும் காவல் புரதங்கள் நம் உயிரணுக்களில் உள்ளன. அவ்வெச்சரிக்கையின் விளைவாக இன்டர்ஃபெரான் சுரந்து, அருகிலுள்ள உயிரணுக்கள் தம்மைக் காத்துக்கொள்கின்றன. வைரஸ் அந்த இரட்டை இழையை அறைக்குள் மூடி வைப்பதால், காவல் புரதங்கள் அதனைக் காண்பது தாமதமாகிறது.

இத்தாமதத்தின் விளைவை நாம் நேரில் காண்கிறோம். டெங்கு வைரஸ் கொண்ட கொசு கடித்து 4 முதல் 10 நாள்களுக்குப் பிறகே காய்ச்சல் தோன்றுகிறது. காய்ச்சல் தெரியும் நாளில், வைரஸின் அறைகள் ஏற்கெனவே கட்டப்பட்டு வேலை செய்துகொண்டிருக்கின்றன.

பரிசோதனை அறிக்கையில் காணும் என்.எஸ்.1

டெங்கு பரிசோதனை அறிக்கையில் "என்.எஸ்.1 பாசிட்டிவ்" என்று எழுதப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பர். வைரஸின் உடலில் இடம்பெறாத 7 புரதங்கள் என முன்னர்க் கூறினோம் அல்லவா? அவற்றுள் ஒன்றே என்.எஸ்.1. பெருக்க அறைகள் அமைவதற்கும் இயங்குவதற்கும் இப்புரதம் இன்றியமையாதது. அதன் ஒரு பகுதி உயிரணுவிலிருந்து வெளியேறி ரத்தத்தில் கலக்கிறது. எனவே, இப்பரிசோதனை உறுதியாகும்போது, உடலுக்குள் வைரஸின் அறைகள் இயங்குகின்றன என்பதையே அது தெரிவிக்கிறது.

காய்ச்சலின் முதல் 5 நாள்களில் என்.எஸ்.1 பரிசோதனை பயன்தரும். அதன் பிறகு உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் பரிசோதனையே ஏற்றது. ஒருமுறை "இல்லை" என்று வந்த அறிக்கையைக் கொண்டு டெங்கு இல்லை என முடிவு செய்துவிடக் கூடாது. எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பதை மருத்துவர் முடிவு செய்ய, காய்ச்சல் தொடங்கிய நாளைச் சரியாகச் சொல்வது பராமரிப்பாளரின் முதற்கடமை.

காய்ச்சல் விட்டபின் ஏன் கண்காணிப்பு?

"காய்ச்சல் விட்டுவிட்டது, குழந்தையை வீட்டிற்கு அழைத்துப் போகலாமா?" என்பது அடுத்து எழும் கேள்வி. டெங்குவில் பெரும்பாலும் 3 முதல் 7 நாள்களுக்குள் காய்ச்சல் தணிகிறது. அப்போது ரத்தத்தில் வைரஸின் அளவும் குறைந்துவிடுகிறது. எனினும் சிலருக்கு அந்த 24 முதல் 48 மணி நேரமே மிகவும் ஆபத்தானது.

நோயை எதிர்க்க எழுந்த உடலின் எதிர்வினையால் நுண்ணிய ரத்தநாளங்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. ரத்தத்தில் கலந்துள்ள என்.எஸ்.1 புரதமும் இத்தளர்ச்சிக்குத் துணைபோகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. கசிவு மிகும்போது ரத்த அழுத்தம் குறைந்து, நோயாளி அதிர்ச்சி நிலைக்குச் செல்லக்கூடும். இந்நேரத்தில் அளவறிந்து கொடுக்கப்படும் நீர்ச்சத்தே உயிர் காக்கும் மருந்து. அதிகமானாலும் தீங்கு, குறைந்தாலும் தீங்கு. ஆகவேதான் செவிலியர் மணிக்கணக்கில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு ஆகியவற்றைக் குறிக்கின்றனர். "சலைன் மட்டும்தானே" எனத் தோன்றுவது உண்மையில் கவனமாக அளக்கப்படும் சிகிச்சை.

அறையைத் தாக்கும் மருந்து உண்டா?

ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவின் சுவரையோ அதன் சொந்த ரைபோசோமையோ தாக்குபவை. வைரஸுக்கு இவ்விரண்டும் இல்லை. அது இருக்கும் அறையின் சுவரும் நம்முடையது. அது பயன்படுத்தும் ரைபோசோமும் நம்முடையது. அவற்றைத் தாக்கினால் நாமே பாதிக்கப்படுவோம். எனவே, வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. உடன் பாக்டீரியா தொற்றும் இருந்தால் மட்டுமே மருத்துவர் அதனை வழங்குவார்.

ஆயினும் வைரஸின் சொந்தப் புரதங்களைத் தடுக்கும் மருந்துகள் உருவாகி வருகின்றன. இதற்குச் சிறந்த சான்று ஹெபடைடிஸ் சி. அவ்வைரஸும் டெங்கு வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் நம் சவ்வைக் கொண்டு அறைகளைக் கட்டுகிறது. டாக்ளடாஸ்விர் என்னும் மருந்து, புதிய அறைகள் உருவாவதைத் தடுக்கிறது. சோஃபோஸ்புவிர் என்னும் மருந்து, ஆர்.என்.ஏ. படியெடுப்பதை நிறுத்துகிறது. இத்தகைய மாத்திரைகளால் சிகிச்சை பெறுவோரில் 100-க்கு 95-க்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். கல்லீரல் சுருக்கம் ஏற்படாதவர்களுக்குப் பொதுவாக 12 வாரச் சிகிச்சை போதுமானது. 2018-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இம்மருந்துகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

ஹெபடைடிஸ் சி பல ஆண்டுகள் நீடிக்கும் நோய். வைரஸ் தொடர்ந்து புதிய அறைகளைக் கட்டியாக வேண்டும். ஆகவே, கட்டுவதைத் தடுக்க நமக்குப் போதிய காலம் கிடைக்கிறது. டெங்கு ஒரு வாரத்தில் முடியும் நோய். டெங்கு வைரஸின் அறைகள் உருவாவதைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருள் பற்றிய ஆய்வு 2021-இல் வெளியானது. புதிய அறை உருவாவதை அது தடுக்கிறது. ஏற்கெனவே கட்டப்பட்ட அறையைக் கலைப்பதில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. டெங்குவுக்கோ ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கோ நேரடியாக வைரஸைத் தடுக்கும் மருந்து எதுவும் தற்போது மருத்துவமனைப் பயன்பாட்டில் இல்லை. இருப்பதாகக் கூறி விற்கப்படுவனவற்றை நம்ப வேண்டாம்.

பிற வைரஸ்களின் அறைகள்

கொரோனா வைரஸ் இரட்டைச் சவ்வு கொண்ட பைகளைக் கட்டிக்கொள்கிறது. ரேபிஸ் வைரஸ் சவ்வே இல்லாமல், நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிபோலப் புரதங்களைத் திரட்டி, அத்துளிக்குள் பெருகுகிறது. 1903-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி, வெறிநோய் கண்ட விலங்குகளின் மூளை உயிரணுக்களில் இத்துளிகளை நுண்ணோக்கியில் கண்டறிந்தார். அவை "நெக்ரி உடலங்கள்" எனப் பெயர்பெற்று, நோயை உறுதி செய்யும் அடையாளமாக நெடுங்காலம் பயன்பட்டன. அவையே வைரஸ் பெருகும் இடங்கள் என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே உறுதியானது.

மூளையில் இத்துளிகள் தோன்றி, நோய்க்குறிகள் வெளிப்பட்டபின் ரேபிஸ் நோயாளியைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. ஆகையால் நாய் கடித்த உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும்.

நெல்வயல் நாடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும்

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக 1955-இல் நம் மாநிலத்தின் வேலூரில் அறியப்பட்டது. இதனைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்கள், நீர் தேங்கிய நெல்வயல்களில் முட்டையிடுபவை. மேட்டூர் அணை திறந்து குறுவை, சம்பா, தாளடி எனப் பல மாதங்கள் நீர் நிற்கும் டெல்டாவில் இந்நோய் மிகுதியாக இருக்க வேண்டும் என எவரும் எண்ணுவர்.

ஆனால் தஞ்சாவூர் மாவட்டக் கிராமப்புறக் குழந்தைகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நெல் சாகுபடி மிகுந்தும் இங்கு இத்தொற்று குறைவாகவே இருந்ததைக் காட்டியது. இங்குப் பன்றிகள் குறைவாகவும் மாடுகள் மிகுதியாகவும் இருந்தமை அதற்குரிய காரணமாகச் சுட்டப்பட்டது. பன்றியின் உடலிலும், கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் உடலிலும் இவ்வைரஸ் பெருமளவில் பெருகி, அவற்றைக் கடிக்கும் கொசுவுக்கு மீண்டும் தொற்றுகிறது. மாட்டின் ரத்தத்திலும் மனித ரத்தத்திலும் கொசுவுக்குத் தொற்றும் அளவிற்கு அது பெருகுவதில்லை. மாட்டைக் கடிக்கும் கொசுவால் நோய்ச்சங்கிலி அங்கேயே முடிந்துவிடுகிறது.

குறைவு என்பதை இல்லை என்று பொருள்கொள்ளக் கூடாது. தொற்றியவர்களில் பெரும்பாலோர்க்கு அறிகுறி எதுவும் தோன்றாது; ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. ஆனால் அவ்வாறு மூளை பாதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். 30 முதல் 50 பேருக்கு நிலையான நரம்புக் குறைபாடு ஏற்படக்கூடும். வலிப்பு தோன்றும் நேரத்தில் வைரஸ் மூளையின் நரம்பு உயிரணுக்களுக்குள் அறைகளைக் கட்டிவிட்டிருக்கும். ரத்தத்தில் பெரும்பாலும் அதனைக் காண முடியாது. இதனால்தான் மருத்துவர் முதுகுத்தண்டு நீரை எடுத்து, அதில் எதிர்ப்புப் புரதம் உள்ளதா எனப் பரிசோதிக்கிறார். முறையாகச் செய்யப்படும் இப்பரிசோதனையால் குழந்தைக்கு ஊனம் ஏற்படும் என்ற அச்சம் தேவையற்றது.

தடுப்பூசி எவ்வாறு உதவுகிறது? எதிர்ப்புப் புரதங்கள் உயிரணுவுக்குள் மூடிய அறையை எட்ட இயலாது. ஆனால் வைரஸ் உயிரணுவுக்குள் நுழையும் முன், ரத்தத்தில் இருக்கும்போதே அவை அதனைப் பிடித்துவிடும். தடுப்பூசி முன்கூட்டியே போடப்பட வேண்டியதன் காரணம் இதுவே.

பராமரிப்பாளர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

• ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, நோய் காணப்படும் மாவட்டங்களில் 9 மாதம் நிறைவடைந்ததும் முதல் தவணையாகவும், 16 முதல் 24 மாதத்திற்குள் இரண்டாம் தவணையாகவும் கட்டணமின்றிப் போடப்படுகிறது. உங்கள் பகுதிக்கு உரியதா எனக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறியவும்.

• டெங்குவுக்கான தடுப்பூசி தேசிய அட்டவணையில் தற்போது இல்லை. ஆகவே கொசுவைத் தடுப்பதே காப்பு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வயலில் வளர்வதில்லை; வீட்டின் தொட்டி, குடம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் நன்னீரில் வளர்கிறது. வாரம் ஒருமுறை இவற்றைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவவும்.

• ஏடிஸ் பகலில் கடிக்கும். கியூலெக்ஸ் அந்தி முதல் இரவு முழுவதும் கடிக்கும். பகலில் உறங்கும் குழந்தைக்கும் இரவில் உறங்கும் அனைவருக்கும் கொசுவலை தேவை.

• காய்ச்சலுக்கு மருத்துவர் கூறிய அளவில் பாரசிட்டமால் மட்டும் கொடுக்கவும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் ஆகியவை ரத்தக்கசிவை மிகுவிக்கும். கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

• ஓ.ஆர்.எஸ். கரைசல், அரிசிக் கஞ்சி, மோர், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கவும்.

• கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தக்கசிவு, கருநிற மலம், கை கால் சில்லிட்டுப்போதல், 6 மணி நேரம் சிறுநீர் கழியாமை, மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், காய்ச்சல் விட்டிருந்தாலும், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வரவும்.

• காய்ச்சலுடன் பிதற்றல், கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கம் தோன்றினால் 108-ஐ அழைக்கவும். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாயில் எதையும் திணிக்கவோ, நீர் ஊற்றவோ, கையில் இரும்பைக் கொடுத்துக் காலம் கடத்தவோ கூடாது.

• ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

வைரஸ் தன் அறைகளை, நாம் நோயை உணரும் முன்பே கட்டி முடிக்கிறது. எனவே நம்மிடம் உள்ள வாய்ப்புகள் இரண்டு. அறை எழும் முன் தடுப்பூசியாலும் கொசு ஒழிப்பாலும் தடுப்பது ஒன்று. எழுந்தபின், உடல் தானே அதனை வெல்லும் வரை நோயாளியை இடைவிடாது கண்காணித்துக் காப்பது மற்றொன்று. இரண்டிலும் மருத்துவமனையின் பங்குக்கு இணையானது வீட்டிலுள்ளோரின் பங்கு.